டி அண்ட் டி-யின் ஊனுண்ணி டைனோசர்கள்: அளவை மட்டும் பார்த்தால் ஆட்டம் கெடும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, பகடை உருட்டிக் கதையாடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஊன் தின்னும் டைனோசர்களை மேசையில் இறக்க இரண்டு புத்தகங்கள் வேண்டும். 2014இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் அலோசரஸும் டைரனோசரஸ் ரெக்ஸும் இருக்கின்றன. 2016இல் வந்த வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸில் வெலாசிராப்டரும் டைனோனிக்கஸும் இருக்கின்றன. வந்தபோது அட்டை விலை தலா 49.95 டாலர். ஆக, நூறு டாலருக்கு நான்கே நான்கு ஊனுண்ணிகள். வோலோஸ் கிடைக்காதவர்களுக்கு 2022இல் வந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவெர்ஸில் அதே இரண்டும் உண்டு. டி-ரெக்ஸ் மட்டும் போதுமென்றால் காசே வேண்டாம். எஸ்ஆர்டி 5.1 என்ற இலவச விதித்தொகுப்பில் அது இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அத்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. இங்கே சொல்லும் கணக்கெல்லாம் 2014 விதிகளுக்கு.

தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் நன்றாக எழுதப்பட்டவை. சேர்த்து அடுக்கும்போதுதான் ஓட்டை தெரிகிறது. சிஆர் என்பது எதிரி எவ்வளவு கடினம் என்று காட்டும் எண், ஹெச்பி என்பது உயிர்ப் புள்ளி. உருவ அளவுகள் சிறியதிலிருந்து டைனி, ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹியூஜ். வெலாசிராப்டர் டைனி, சிஆர் 1/4. டைனோனிக்கஸ் மீடியம், சிஆர் 1. அலோசரஸ் லார்ஜ், சிஆர் 2. அடுத்த படி ஒரேயடியாக டி-ரெக்ஸ்: ஹியூஜ், சிஆர் 8. ஹெச்பி வரிசை 10, 26, 51, 136 என்று தாவுகிறது. ஸ்மால் அளவில் எதுவும் இல்லை. சிஆர் 3 முதல் 7 வரை ஊனுண்ணியே கிடையாது. நான்காம் லெவலிலிருந்து ஆறாம் லெவல் வரை விளையாடும் குழு காட்டில் எதைச் சந்திக்கும் என்ற கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

"டைனோசர்" என்ற தலைப்பின் கீழ் புத்தகங்கள் சேர்த்திருக்கும் சில டைனோசரே அல்ல. பிளீசியோசரஸ் கடல் ஊர்வன. டெரானோடானும் குவெட்சல்கோட்லஸும் பறக்கும் ஊர்வனவான டெரோசர்கள். டைமெட்ரோடான் டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துபோனது. உறவுமுறை பார்த்தால் ஊர்வனவற்றைவிடப் பாலூட்டிகளுக்குத்தான் பங்காளி. ஆட்டத்துக்கு இதெல்லாம் பெரிய குற்றமில்லை. ஆனால் "டைனோசர் பட்டியலில் எத்தனை ஊனுண்ணி" என்று எண்ணி ஏமாறாமலிருக்க இவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

அளவை வைத்துப் பிரிப்பது மேசையில் கட்டம் ஒதுக்க மட்டும் உதவும். சண்டையை நடத்த உதவுவது வேட்டையாடும் விதம். அப்படிப் பார்த்தால் இந்த நான்கும் மூன்று வகைக்குள் அடங்குகின்றன: கும்பலாக மொய்ப்பது, ஓடிவந்து பாய்வது, கவ்விப் பிடித்துக்கொள்வது. மூன்றையும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மூன்று விதமாக நடத்த வேண்டும். புத்தகம் இதை எங்கும் சொல்வதில்லை.

முதலில் கும்பல். சிஆர் 1/4 என்பதைப் பார்த்து வெலாசிராப்டரை இளப்பமாக நினைத்தால் குழுவே போய்விடும். அதற்குப் பேக் டாக்டிக்ஸ் உண்டு. கூட்டாளி ஒன்று இலக்கின் பக்கத்தில் இருந்தாலே அட்வான்டேஜ்: இருபது முகப் பகடையை (டி20) இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஒரு கடி, ஒரு கீறல். கடியின் சேதம் சராசரி 5, கீறலின் சேதம் சராசரி 4, இரண்டுக்கும் தாக்கும் உருட்டலில் +4. ஆறு வெலாசிராப்டர்கள் என்றால் 300 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). எண்ணிக்கைக்கான பெருக்கல் 2 சேர்த்தால் 600. மூன்றாம் லெவல் நால்வர் குழுவுக்கு இது "மீடியம்" (உருவ அளவல்ல, நடுத்தரக் கடினம்) என்கிறது டிஎம் கைடு. ஆனால் செயின் மெயில் கவசம் போட்ட ஃபைட்டரை (ஏசி 16, அதாவது தாக்கும் உருட்டல் 16ஐ எட்டினால்தான் படும்) ஆறும் சூழ்ந்துகொண்டால்? 12 தாக்குதல், அட்வான்டேஜோடு பத்துக்கு ஏழு படும், ஒரு சுற்றில் சுமார் 38 சேதம். மூன்றாம் லெவல் ஃபைட்டரிடம் இருப்பது 28 ஹெச்பி. முதல் சுற்றிலேயே ஆள் காலி. குழுவில் தடிமனானவரே அவர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

டைனி என்ற அளவு இதை இன்னும் மோசமாக்குகிறது. ஐந்தடிக் கட்டம் ஒன்றில் நான்கு டைனி உருவங்கள் நிற்கலாம் என்பதால் ஒருவரைச் சூழ இடப் பற்றாக்குறையே வராது. அசல் விலங்கும் அவ்வளவு பொடியல்ல. வாலோடு சுமார் 2 மீட்டர் நீளம், இடுப்பு உயரம் அரை மீட்டர், எடை 15 முதல் 20 கிலோ. ஸ்மால் என்று வைப்பதே பொருத்தம். ஸ்மாலாக்கி, கட்டத்துக்கு ஒன்று என்று நிறுத்துங்கள். ஒருவரை எட்டுக்கு மேல் சூழ முடியாது. சுவரோரம் ஒதுங்கினால் ஐந்து, மூலையில் நின்றால் மூன்று. ஒதுங்க இடம் தேடுவதே வீரர்களுக்கு ஒரு யோசனையாகிவிடும். புத்தகத்தின் டைனி ஸ்டாட் பிளாக்கை (விலங்கின் எண் பட்டியலை) வீணாக்க வேண்டாம். ஹெச்பியை 5 ஆக்கி, கீறலை எடுத்துவிட்டு, கடியை வெறும் 1 சேதமாக்கினால் கம்ப்சோக்னதஸ் கிடைத்துவிடும். கோழியைவிடச் சற்றுப் பெரிய அந்த ஜந்துவுக்கு அது போதும்.

வெலாசிராப்டரின் வேகம் சுற்றுக்கு 30 அடி என்பது இந்தப் புத்தகத்தின் சோம்பேறித்தனம். மனிதன் நடக்கும் வேகமும் அதுதான். துரத்தல் காட்சியே நடக்காது. 40 ஆக்கிவிடுங்கள், சிஆர் மாறாது.

இந்த வகையில் வரும் இன்னொரு தலைவலி, கஞ்ஜுர் அனிமல்ஸ் மந்திரம். மூன்றாம் நிலை மந்திரம், ஐந்தாம் லெவலில் கிடைத்துவிடும். சிஆர் 1/4 மிருகங்கள் எட்டை வரவழைக்கலாம். டைனோசர்கள் விதிப்படி "பீஸ்ட்" என்பதால் எட்டு வெலாசிராப்டர் என்று கேட்கும் வீரர் எந்த மேசையிலும் ஒருவர் இருப்பார். 16 தாக்குதல், அட்வான்டேஜோடு 32 டி20 உருட்டல். மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வரலாம். எத்தனை என்பதைத்தான் வீரர் தேர்ந்தெடுக்கிறார், எது வரும் என்பது டிஎம் கையில் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்டால் சேதத்துக்குப் பகடை உருட்டாமல் சராசரி எண்ணையே கழியுங்கள். எட்டுக்கும் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு நிறப் பகடைகளை உருட்டினால் நேரம் பாதியாகும். 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இந்த மந்திரத்தையே மாற்றி, தனித்தனி மிருகங்களை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு மாற்றத்துக்காகவே புதிய விதிக்குப் போகலாம்.

அடுத்து பாய்ச்சல்காரர்கள். டைனோனிக்கஸ், அலோசரஸ் இரண்டுக்கும் பவுன்ஸ் உண்டு. நேர்கோட்டில் ஓடிவந்து அதே முறையில் நகத்தால் அடித்துப் பட்டால், இலக்கு ஸ்ட்ரெங்த் சேவ் (வலிமையால் தாக்குப்பிடிக்கும் உருட்டல்) போட வேண்டும், தவறினால் விழும், விழுந்தவரைப் போனஸ் ஆக்‌ஷனில் ஒரு கடி. டைனோனிக்கஸுக்கு 20 அடி ஓட்டம், டிசி (அந்த உருட்டல் எட்ட வேண்டிய எண்) 12. அலோசரஸுக்கு 30 அடி, டிசி 13.

பெரும்பாலான மேசைகளில் அலோசரஸ் சப்பென்று போவதற்குக் காரணம் வரைபடம். அதற்கு மல்டிஅட்டாக் (ஒரே முறையில் பல தாக்குதல்) கிடையாது. பாய்ந்து, ஆளும் விழுந்தால் நகம் 8, கடி 15, மொத்தம் 23. பாயாவிட்டால் வெறும் 15. மரமும் புதருமாக அடர்ந்த காட்டை வரைந்துவிட்டு அதற்குள் அலோசரஸை விட்டால் 30 அடி நேர்கோடு எங்கும் கிடைக்காது. முதல் சுற்றுக்குப் பிறகு அது நின்ற இடத்தில் நின்று கடிக்கும் ஒரு பெரிய பல்லி. தள்ளிப்போய்த் திரும்ப ஓடிவரலாமென்றால் பின்வாங்கும்போதே ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (விலகுபவர்மீது எதிரியின் உடனடி அடி) விழும். எனவே ஆற்றுமணல், எரிந்த புல்வெளி, யானைத்தடம் மாதிரி ஒரு வழி என்று ஆறு கட்டத்துக்குக் குறையாத நீளத்தில் இரண்டு மூன்று திறந்த பாதைகளை வரையுங்கள். லார்ஜ் உருவம் என்பதால் பாதை இரண்டு கட்ட அகலம் இருக்கட்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு அலோசரஸ் போடுங்கள். ஒன்று கடித்துக்கொண்டிருக்கும்போது மற்றது 60 அடி வேகத்தில் சுற்றிவந்து வேறு பக்கம் பாயும். இரண்டுக்குமான கணக்கு 1,350 எக்ஸ்பி. மூன்றாம் லெவல் நால்வருக்கு "ஹார்ட்", நான்காம் லெவலுக்கு "மீடியம்".

டைனோனிக்கஸிடம் குறை குறைவு. ஒரு கடி, இரண்டு நகம், 40 அடி வேகம். நான்கில் சிறந்த வடிவமைப்பு இதுதான். வெலாசிராப்டருக்குக் கொடுத்த பேக் டாக்டிக்ஸை இதற்குக் கொடுக்கவில்லை. ஆகவே நான்கைந்தாகப் போட்டாலும் கணக்கு தடம் புரளாது. மூன்று டைனோனிக்கஸ் மூன்றாம் லெவல் நால்வருக்கு 1,200 எக்ஸ்பி, "ஹார்ட்". சொன்னபடியே ஹார்டாக இருக்கும். யூட்டாராப்டர் வேண்டுமென்றால் அலோசரஸ் ஸ்டாட் பிளாக்கை எடுத்து வேகத்தை 50 ஆக்கினால் போதும். டைலோஃபோசரஸுக்கும் அதே பிளாக், ஹெச்பி 38. கழுத்து விசிறியும் விஷத் துப்பலும் திரைக்கதைச் சரக்கு, புதைபடிவத்தில் ஆதாரமில்லை.

கவ்வல் வகையில் டி-ரெக்ஸ் தனி. கடி +10, எட்டும் தூரம் 10 அடி, சேதம் 4டி12+7 (பன்னிரண்டு முகப் பகடை நான்கின் கூட்டலோடு 7), சராசரி 33. ஐந்தாம் லெவல் விசார்டின் ஹெச்பி பொதுவாக 32. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கடி பட்டவர் மீடியம் அல்லது அதற்குக் கீழ் என்றால் வாயில் மாட்டிக்கொள்வார். தப்ப டிசி 17. மாட்டியவர் "ரெஸ்ட்ரெயின்ட்" (கட்டுண்டவர்) என்பதால் அடுத்த கடிக்கு அட்வான்டேஜும் உண்டு. ஸ்டாட் பிளாக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது, டிஎம்கள் தவறு செய்வதும் இங்கேதான். ஒன்று, வாயில் ஆள் இருக்கும்போது வேறொருவரைக் கடிக்கக் கூடாது. இரண்டு, கடியும் வாலடியும் ஒரே ஆள்மீது விழக் கூடாது. இரண்டையும் மறந்தால் சிஆர் 8 என்பது கிட்டத்தட்ட 10 ஆகிவிடும். மூன்றாவது தவறு எதிர்ப்பக்கம்: கவ்விய ஆளோடு நகரலாம் என்பதை மறப்பது. கவ்விய ஆளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தால் பொதுவாகப் பாதி வேகம்தான். ஆனால் இதன் வாயில் மாட்டுபவர் எப்போதும் இரண்டு அளவாவது சிறியவர் என்பதால் முழு 50 அடி. குணப்படுத்தும் கிளெரிக்கின் தொடு மந்திரத்துக்கு எட்டாத தூரத்துக்கு ஆளைக் கொண்டுபோவதுதான் நல்ல டி-ரெக்ஸ்.

வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆறு நொடிக்கு 50 அடி என்பது மணிக்கு 9 கிலோமீட்டர். டேஷ் போட்டால் (தாக்காமல் ஓடினால்) 18. இவ்வளவு எடையுள்ள விலங்குக்கு நம்பக்கூடிய ஓட்டம்தான்.

பாலிமார்ஃப் மந்திரம் டி-ரெக்ஸை வீரர்கள் பக்கம் திருப்பிவிடுகிறது. எட்டாம் லெவலை எட்டிய எவரையும் டி-ரெக்ஸாக மாற்றலாம்; 136 ஹெச்பி இலவச மெத்தை. தடுக்க வேண்டாம், செலவு வையுங்கள். மந்திரம் போட்டவரின் கான்சன்ட்ரேஷனை (மந்திரத்தைத் தக்கவைக்கும் கவனத்தை) எதிரிகள் குறிவைக்கட்டும். உருவத்துக்கு 15 அடிச் சதுரம் வேண்டும். சுரங்கத்துக்குள் அது திரும்பக்கூட முடியாது. இன்டெலிஜென்ஸ் 2 என்பதால் "கதவை மெதுவாகத் திற" என்ற திட்டமும் செல்லாது.

இனி சிஆர் 3 முதல் 7 வரையிலான அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலை. புத்தகத்தில் இல்லாத இரண்டு வகைகளைச் சேர்த்தால் சிஆர் 4ம் 5ம் கிடைக்கும். இரண்டையும் டிஎம் கைடின் சிஆர் அட்டவணைப்படியே கணக்கிட்டிருக்கிறோம்.

முதலாவது அபெலிசார் வகை: அர்ஜென்டினாவின் கார்னோடாரஸ், குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்து 2003இல் பெயரிடப்பட்ட ராஜாசரஸ். முன்னங்கை ஒப்புக்குத்தான் இருக்கும். நகத் தாக்குதல் எழுதினால் அபத்தம். எனவே அலோசரஸ் பிளாக்கில் நகத்தையும் பவுன்ஸையும் எடுத்துவிடுங்கள். லார்ஜ், ஏசி 13, ஹெச்பி 114 (12டி10+48), வேகம் 60. கடி +6, 3டி10+4, சராசரி 20. நேர்கோட்டில் 20 அடி ஓடிவந்து கடித்தால் தலைமுட்டலுக்காகக் கூடுதல் 2டி8, டிசி 14 ஸ்ட்ரெங்த் சேவ் தவறினால் விழ வேண்டும். மூன்று சுற்றுக்குச் சராசரி 23. தாக்கு எண்ணும் ஹெச்பியும் சேர்ந்து சிஆர் 4, 1,100 எக்ஸ்பி. நான்காம் லெவல் நால்வருக்கு ஒன்று தனியாக வந்தால் மீடியம். கார்னோடாரஸுக்குக் கண்களுக்கு மேலே இரட்டைக் கொம்பு, ராஜாசரஸுக்கு நெற்றியில் ஒற்றைக் குட்டைக் கொம்பு. மேசையில் வைக்கும் பொம்மை உருவம் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்கலாம்.

இரண்டாவது நீரோர வகை, ஸ்பைனோசரஸ். ஹியூஜ், ஏசி 13, ஹெச்பி 126 (12டி12+48), நடை 30, நீச்சல் 40. மல்டிஅட்டாக்கில் ஒரு கடி, ஒரு நகம், இரண்டுக்கும் +9. கடி 3டி10+6, நகம் 2டி8+6, சேர்ந்து 37. சிஆர் 5, 1,800 எக்ஸ்பி. அது ஆழத்தில் நீந்தியதா, கரையோரம் நின்று மீன் பிடித்ததா என்ற சண்டை ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. மேசைக்கு இரண்டும் சௌகரியம்தான்: தரையில் அதை மந்தமாக்கி, தண்ணீரில் வேகமாக்கினால் வீரர்கள் தாமாகவே கரையை விட்டு விலகி ஓடுவார்கள்.

கிகனோடோசரஸை வெறும் பெயர் மாற்றிய டி-ரெக்ஸாக வைப்பது வழக்கம். அது வேண்டாம். டி-ரெக்ஸின் பல் எலும்பை நொறுக்கும் தடித்த ஆப்பு. கிகனோடோசரஸின் பல் தட்டையான கத்தி. கவ்வலை எடுத்துவிட்டு, கடியை 3டி12+7 ஆகக் குறைத்து, கடி பட்டவருக்கு ஒவ்வொரு முறை தொடக்கத்திலும் 2டி6 ரத்தப்போக்கு வையுங்கள். எந்தக் குணப்படுத்தலும், அல்லது டிசி 12 மெடிசின் சோதனையும் அதை நிறுத்தும். கடி 26, ரத்தம் 7, வால் 20: மொத்தம் டி-ரெக்ஸின் அதே 53. சிஆர் 8 அப்படியே நிற்கும், ஆட்டம் மட்டும் மாறும்.

வகை பிரிப்பதில் தடுமாற்றம் ஆட்டப் புத்தகத்துக்கு மட்டும் உரியதல்ல. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளுக்கு 1980களில் புருஹத்காயோசரஸ் என்று பெயர் வைத்தபோது ஊனுண்ணிகளோடுதான் சேர்த்தார்கள். பின்னர்தான் அது நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்று கணக்கு மாறியது. அதை மேசைக்குக் கொண்டுவர வேண்டுமானால் வோலோஸிலிருக்கும் பிராண்டோசரஸ் பிளாக்.

உருவங்கள் பற்றி. ஓர் அங்குலம் ஐந்தடி என்றால் அளவு 1:60. சுமார் 12 மீட்டர் டி-ரெக்ஸ் இந்தக் கணக்கில் 20 செ.மீ. நீளம் வரும், ஹியூஜ் அடித்தட்டோ 3 அங்குலம், 7.6 செ.மீ. அலோசரஸ் 14 செ.மீ., தட்டு 5 செ.மீ. டைனோனிக்கஸ் 5.5 செ.மீ., தட்டு 2.5 செ.மீ. ஊனுண்ணிகள் எல்லாம் தட்டைத் தாண்டித்தான் நிற்கும். புத்தகத்தின் சதுரக் கட்டங்கள் உருண்டையான பூதங்களுக்கு எழுதப்பட்டவை, பாதி உடல் வாலாக இருக்கும் விலங்குக்கு அல்ல. இரண்டு பின்னங்காலும் தட்டுக்குள் வர வேண்டும், தட்டுதான் கணக்கு, வாலும் தலையும் கணக்கில்லை என்று சொல்லிவிட்டால் தகராறு வராது. கடைகளில் கிடைக்கும் பெரிய டி-ரெக்ஸ் பொம்மை பல 1:40 அளவு, 30 செ.மீ. வந்து வரைபடத்தையே மறைக்கும். ஹியூஜுக்கு 18 முதல் 22 செ.மீ., லார்ஜுக்கு 11 முதல் 15 செ.மீ. என்று அளவுகோலோடு போய் வாங்குங்கள். அட்டையில் போட்டிருக்கும் இனப்பெயரை நம்பத் தேவையில்லை, 13 செ.மீ. டி-ரெக்ஸ் நல்ல அலோசரஸ், கையைக் கொஞ்சம் வெட்டினால் நல்ல ராஜாசரஸ்.

மென்மையான பிவிசி பொம்மையின் கால் வளைந்து உருவம் குப்புற விழுந்தால், சூடான தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்துக்கொண்டு ஐஸ் தண்ணீரில் விடுங்கள். பிறகு 3 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வட்டத்தில் சூப்பர் குளூ. ஸ்பிரே பிரைமரை இதில் அடிக்கக் கூடாது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் எண்ணெய் பெயின்ட்டோடு கலந்து, மாதக்கணக்கில் கையில் ஒட்டும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர் இரண்டு மெல்லிய கோட் போதும்.

மூன்றாம் லெவலுக்குள் முடியும் சாகசத்துக்கு வோலோஸ் (கிடைக்காவிட்டால் மான்ஸ்டர்ஸ் ஆஃப் தி மல்டிவெர்ஸ்) மட்டும் வாங்குங்கள். டி-ரெக்ஸ் இலவசத்தில் வந்துவிடும். மான்ஸ்டர் மேனுவலை அலோசரஸுக்காக மட்டும் வாங்குவது தண்டம், மற்ற பூதங்களும் தேவைப்பட்டால் வாங்கலாம்.